ஐந்து விரல் விரித்த கை

மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் பள்ளிக்கூட வகுப்பறையின் கதவைச் சாத்துகிறார்கள். மேசைகளை ஒட்டிப்போட்டு, பெட்டியின் முத்திரையை எல்லோர் முன்னாலும் உடைத்துச் சீட்டுகளைக் கொட்டுகிறார்கள். மலேசியாவில் 1990-ஆம் ஆண்டிலிருந்து வாக்குகளை அந்தந்த வாக்களிப்பு மையத்திலேயே எண்ணுகிறார்கள். எண்ணுபவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும். விடியுமுன் வந்தவர்கள், சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு சீட்டையும் விரித்து, எதிரே இருக்கும் வேட்பாளர்களின் முகவர்களுக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டி, உரிய தட்டில் வைக்க வேண்டும்.

சற்று வேகமாக வைத்துவிட்டால் முகவர் குரல் கொடுப்பார்: "சார், அந்தச் சீட்டை இன்னொரு தரம் காட்டுங்க." பல நேரம் அதிகாரி மறுபேச்சில்லாமல் காட்டிவிடுவார். சில நேரம் முகம் சுருங்கும். "ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?"

எண்ணும் அறையில் கேட்கப்படும் இந்தக் கேள்வியின் வேர் சமயத்தில் இருக்கிறது. நேர்மையான மனிதனை உற்றுப் பார்ப்பது அவனுக்கு அவமரியாதையா? 'மேலே இருப்பவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அது போதும்' என்று ஒருவன் மனதார நம்பினால், கீழே இருப்பவர்களும் பார்க்க வேண்டுமா? தெய்வத்துக்குப் பயந்தவனைச் சந்தேகிப்பது அவன் பக்தியையே சந்தேகிப்பதாகாதா? பினாங்கில் இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. 1833-இல் எழுந்த குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலும், 1801-இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் ஒரே நடையில் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஊர் அது. கடவுளை வைத்துச் சத்தியம் செய்வது அங்கே இன்னும் கனமான காரியம்.

ஆனால் கடவுளை நம்பியவர்களே இந்தக் கேள்விக்குச் சொல்லியிருக்கும் பதில் வேறு. அதிலே மிகத் தெளிவான பதில் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிலில் வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தவை அந்தக் கல்வெட்டுகள்; ஒன்று 919, மற்றொன்று 921. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடுகிற விஷயம் அது. முழுக்கப் படித்தால், அந்த ஊர்ச் சபை ஓலை எடுக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறது என்று மலைப்பாக இருக்கும்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியவர் பெரியவர் என்று சபையார் அனைவரும் கூட வேண்டும். அன்று ஊரில் இருக்கிற கோயில் பூசகர்கள் ஒருவர்கூட விடுபடாமல் மண்டபத்துக்குள் உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அதை வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான்.

மத்தியஸ்தன் அந்த ஓலையை எப்படி வாங்க வேண்டும் என்பதையும் கல்வெட்டு விதிக்கிறது. ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறொரு ஓலை ஒளிந்திருக்க வழியில்லை. வாங்கிய பிறகு அவன் அதை உரக்கப் படிக்க வேண்டும். அவன் படித்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் பூசகர்கள் அனைவரும் அதே ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும். அதன் பிறகே அந்தப் பெயர் ஏற்கப்படும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நாத்திகர்கள் அல்லர். ஓலையைப் படித்தவர்கள் பூசை செய்கிறவர்கள். கடவுள் பார்க்கிறார் என்பதில் அவர்களுக்கு ஐயமே இருந்திருக்காது. அப்படியிருந்தும் மத்தியஸ்தனின் கையை விரிக்கச் சொன்னார்கள். அவன் மேல் நம்பிக்கை இல்லாததால்தான் அப்படிச் செய்தார்கள் என்று கொள்ள முடியாது. நம்பிக்கையில்லாதவனை அந்த இடத்தில் உட்காரவே வைத்திருக்க மாட்டார்கள். அவன் உண்மையாக நடந்துகொள்வான் என்பது ஒன்று. அவன் உண்மையாக நடந்துகொண்டான் என்பதை மண்டபத்தின் கடைசியில் இருக்கிறவனும் கண்ணால் காண வேண்டும் என்பது வேறொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது அவன் மனதுக்குள் மட்டுமே இருக்கும் சொத்து. ஊருக்கு அதனால் பயனில்லை.

இந்தக் கல்வெட்டைப் போற்றும்போது மறைக்கக்கூடாதது ஒன்று உண்டு. அது ஒரு பிராமண ஊரின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆண்களுக்கே குடத்தில் பெயர். அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கும் பெண்களுக்கும் ஓலை இல்லை. இதைச் சொல்லாமல் 'உலகுக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தோம்' என்று மார் தட்டுவது சரியல்ல. ஆனால் அதிகாரத்தில் இருந்த அந்தச் சிறு வட்டம், தங்களையே எவ்வளவு கடுமையாகக் கண்காணித்துக்கொண்டது என்பது கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். இப்படி ஓலை எடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனுக்கு மறுபடி இடம் இல்லை. அவனுடைய தாயாதிகளுக்கும் மாமன் மைத்துனன் வகையறாவுக்கும்கூட இல்லை என்று நீண்ட உறவுப் பட்டியலே அங்கே வெட்டப்பட்டிருக்கிறது.

பிற சமயங்களும் இதே திசையில்தான் வழிகாட்டுகின்றன. எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைக் கொண்டுசெல்லும்போது, பவுல் அதைத் தனியாகத் தொடவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் கூட அனுப்பினார். கடவுள் முன்னால் மட்டுமல்லாமல் மனிதர் முன்னாலும் குறைசொல்ல இடமில்லாமல் இருக்க வேண்டும் என்ற காரணத்தைக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், எட்டாம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார். திருத்தூதருக்கே சாட்சி தேவைப்பட்டது. குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். அது பேசுவது வெறும் கடன் பத்திரம் பற்றி: எழுதி வையுங்கள், சாட்சிகளை வையுங்கள், தொகை சிறிதென்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எழுதுகிறவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக்கூடாது என்கிறது. இந்தக் கட்டளைக்கு மீண்டும் திரும்பி வர வேண்டியிருக்கும்.

தமிழருக்கு நடுவுநிலைமை என்றதும் திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரமும் அதில் வரும் துலாக்கோலும் நினைவுக்கு வரும். துலாக்கோலைச் சந்தைக்கடையில் மறைத்து வைக்கிற வழக்கம் எங்கும் கிடையாது. வாங்குகிறவன் முள்ளைப் பார்ப்பான். வியாபாரி அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை.

இனி பினாங்கின் ஜார்ஜ்டவுனுக்கு வரலாம். மலாயாவில் ஊராட்சிக்கு வாக்குப் போட்ட முதல் ஊர் அதுதான், ஆண்டு 1857. 1913-இல் ஆங்கிலேயர்கள் அந்தத் தேர்தலை எடுத்துவிட்டார்கள். 1951 டிசம்பர் 1 அன்று மறுபடி வந்தது. தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என மூன்று வட்டாரங்கள், ஒன்பது இடங்கள். லிம் சோங் இயூ தலைமையிலான ரேடிகல் கட்சி ஆறு இடங்களை வென்றது. நாடு தழுவிய முதல் பொதுத் தேர்தலுக்கு இன்னும் மூன்றரை ஆண்டுகள் இருந்த காலம். பெட்டியைத் திறந்து, எண்ணி, தோற்றவன் எதிரே நிற்கும்போது எண்ணிக்கையை அறிவிக்கும் பழக்கத்தை மலாயா அந்த ஊரில்தான் பழகத் தொடங்கியது. 1957 ஜனவரி 1 அன்று ஜார்ஜ்டவுன் மாநகரானது. தொழிற்கட்சியின் டி.எஸ்.ராமநாதன் அதன் மேயராக இருந்தார். ஜாலான் டி.எஸ்.ராமநாதன் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

பிறகு இந்தோனேசியாவுடன் மோதல் வந்தது. 1965 மார்ச் 1 அன்று ஊராட்சி மன்றத் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மோதல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1966-இல், நிர்வாகச் சீர்கேடு என்ற குற்றச்சாட்டின் பேரில், ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்புகளை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் என்று முடித்துவைத்தது. தங்கள் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பொறுப்பானவரை வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஜார்ஜ்டவுன்வாசி எவரும் இன்று எண்பது வயதுக்குக் குறைந்தவராக இருக்க முடியாது.

எண்ணுவதற்கு ஒன்றுமில்லாத ஊரில் எண்ணிக்கையைப் பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துபோகிறார்கள். அதுதான் இந்த இழப்பில் அதிகம் பேசப்படாத பகுதி. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. அப்போது அவசர அவசரமாக முகவர்களைப் பிடித்து, பயிற்சி கொடுத்து, அறைக்குள் அனுப்புகிறார்கள். திண்டாக் மலேசியா போன்ற அமைப்புகள் அந்தப் பயிற்சியைப் பொறுமையாகச் செய்துவந்திருக்கின்றன. எது செல்லாத வாக்கு, எப்போது ஆட்சேபம் சொல்வது, போராங் 14-இல் எங்கே கையெழுத்து, அதன் நகலை வாங்காமல் ஏன் வெளியே வரக்கூடாது என்பதெல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல.

போராங் 14 என்ற பெயர் 2018 மே 9 இரவு நாடெங்கும் பிரபலமானது. வாக்கு எண்ணிக்கையைப் பதிவுசெய்யும் அந்தத் தாளில் சில மையங்களில் அதிகாரிகள் கையெழுத்திட மறுக்கிறார்கள் என்று எதிர்க்கட்சித் தலைவர்கள் குற்றம் சாட்டினார்கள். வேண்டுமென்றே தாமதிக்கவில்லை என்று தேர்தல் ஆணையம் மறுத்தது. அன்றிரவு பல மணி நேரம் ஒரு நாடே ஒரு தாளின் அடியில் போடப்படும் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஆட்சி மாறியது. சீட்டுகளை எண்ணி முடித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று அதிகாரி நினைக்கலாம். ஆனால், தான் கண்டதைத் தன் பெயரில் எழுதி எதிர்த்தரப்பின் கையில் கொடுக்கும்வரை அவர் கை மூடியேதான் இருக்கிறது.

மூடிய கை என்ன செய்யும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் சண்டிகரில் இருக்கிறது. 2024 ஜனவரி 30, மேயர் தேர்தல். மொத்தம் முப்பத்தாறு வாக்குகள். ஒரு வகுப்பறை மாணவர்களின் எண்ணிக்கைதான். தேர்தல் அதிகாரியாக இருந்தவர் அனில் மசீ, அதே மன்றத்தின் நியமன உறுப்பினர். எட்டு வாக்குகள் செல்லாதவை என்று தள்ளி, பாஜகவின் மனோஜ் சோன்கர் 16, ஆம் ஆத்மியின் குல்தீப் குமார் 12 என்று அறிவித்தார். அறையில் கேமரா இருந்தது. மேசையில் குனிந்து சீட்டுகளில் பேனாவால் ஏதோ குறிப்பதும், இடையில் தலைநிமிர்ந்து கேமராவைப் பார்ப்பதும் அதில் பதிவாகியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு மசீயை நேரில் நிறுத்திக் கேட்டது. குறியிட்டதை அவர் ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 20 அன்று அந்தச் சீட்டுகளே நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டன. நீதிபதிகள் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். எட்டும் குல்தீப் குமாருக்குப் போட்ட வாக்குகள். அவர் இருபது வாக்குகளுடன் மேயராக அறிவிக்கப்பட்டார்.

அந்தக் காட்சியில் வருத்தம் தருவது, அவர் கேமராவைப் பார்த்த அந்தக் கணம்தான். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தும் ஒருவர் அதைச் செய்திருக்கிறார் என்றால், யாரும் பார்க்காத அறைகளில் என்னென்ன நடந்திருக்கும் என்ற பயம் வருகிறது. கேமரா தானாக யாரையும் நேர்மையாக்கிவிடாது. ஆனால் அந்தப் பதிவு இல்லாவிட்டால், அந்த எட்டுப் பேரின் வாக்கு இன்றும் செல்லாததாகவே இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்துத் தமிழர் இதைவிடக் கொடியதைக் கண்டவர்கள். 1981 ஜூன் 4 அன்று மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடந்தது. பொது நூலகம் எரிக்கப்பட்ட சாம்பல் ஆறாத வாரம் அது. கடைசி நேரத்தில் தேர்தல் அலுவலர்கள் மாற்றப்பட்டார்கள், வாக்குப்பெட்டிகள் காணாமற்போயின. தமிழர் விடுதலைக் கூட்டணியே பத்து இடங்களையும் வென்றது. ஆனால் ஒரு தலைமுறை இளைஞர்கள் அந்தப் பெட்டிகளோடு சேர்த்து வாக்கின் மேலிருந்த பற்றையும் தொலைத்தார்கள். முடிவு சரியாக வந்தாலும், வந்த விதம் கறைபட்டிருந்தால் அந்த முடிவை எவரும் மதிப்பதில்லை.

ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று சொன்னது இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2005 தேர்தலில் பயன்படுத்திய வாக்கு இயந்திரங்கள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று அது தீர்ப்பளித்தது. மோசடி நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை; தேர்தலும் ரத்தாகவில்லை. சிறப்பு அறிவு எதுவும் இல்லாத சாதாரணக் குடிமகன் தன் கண்ணால் சரிபார்க்க முடியாத எண்ணிக்கை, சரியாகவே இருந்தாலும் போதாது என்பதே காரணம். உத்திரமேரூர் மண்டபத்தில் ஓலையை அத்தனை பேரும் படித்ததற்கும் இதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் இருக்கின்றன, சிந்தனை ஒன்றுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தத்துவ அறிஞர் ஒனோரா ஓநீல் 2002-இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளில் அதை முன்வைத்தார். ஓயாமல் கண்காணித்துக் கணக்குக் கேட்டுக்கொண்டே இருந்தால், நல்ல ஊழியர்களும் வேலையைவிட்டு வேலையின் பதிவேட்டைக் காப்பாற்றுவதில் இறங்கிவிடுவார்கள். நம்பிக்கை வளராது, தேயும் என்றார். அது உண்மை. எண்ணும் அறையிலும் அதைக் காணலாம். ஒவ்வொரு சீட்டுக்கும் கத்தி, பதினான்கு மணி நேரம் வேலை பார்த்த ஆசிரியையை 'திருட்டுத்தனம் பண்றீங்களா' என்று மிரட்டும் முகவர் நியாயத்துக்குச் சாட்சியாக வந்தவர் அல்லர். தன் கட்சிக்குச் செல்லாத வாக்கு விழுந்தால் மௌனமாகவும், எதிர்க்கட்சிக்கு விழுந்தால் சிங்கமாகவும் மாறுகிறவரும் அப்படித்தான். எழுதுகிறவருக்கும் தீங்கு செய்யாதே என்ற அந்தக் குர்ஆன் வசனத்தின் கட்டளை இங்கேதான் வேண்டியிருக்கிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆவது வசனம் இன்னும் கடினமானதைக் கேட்கிறது: உனக்கும் உன் பெற்றோருக்கும் எதிராகவே ஆனாலும் நீதிக்குச் சாட்சியாக நில். கட்சிச் சட்டை போட்ட முகவருக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை இருக்க முடியாது.

ஆனால் ஓநீலின் எச்சரிக்கை, பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நம்பத் தக்கவரை நம்பவும் தகாதவரை விலக்கவும் மக்களுக்கு ஆதாரம் வேண்டும் என்பதே அவர் வாதம். படிவங்களைக் குவிப்பதால் அந்த ஆதாரம் வராது. சீட்டைத் தூக்கிக் காட்டுவதற்கு ஐந்து வினாடி போதும்.

மனச்சாட்சியும் பகிரங்கமும் ஒன்றையொன்று எதிர்ப்பவை அல்ல என்பதற்கு மலேசிய நீதிமன்றத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. சபாவின் லிக்காஸ் தொகுதியில் 1999-இல் நடந்த தேர்தலை நீதிபதி முகமது காமில் அவாங் 2001 ஜூன் 8 அன்று ரத்து செய்தார். வாக்காளர் பட்டியலில் இருக்கக்கூடாதவர்கள் இருந்தார்கள் என்பது காரணம். வென்றவர் முன்னாள் முதலமைச்சர் யோங் தெக் லீ. விசாரிக்காமலே மனுக்களைத் தள்ளிவிடும்படி மேலிடத்திலிருந்து தொலைபேசியில் தமக்கு உத்தரவு வந்ததை நீதிபதி அந்தத் தீர்ப்பிலேயே எழுதினார். இறைவனிடம் வழிகாட்டல் கேட்டுப் பிரார்த்தித்ததையும், பதவியேற்றபோது எடுத்த உறுதிமொழியை நினைவுகொண்டதையும் எழுதினார். பக்தியுள்ள அதிகாரி எப்படி இருப்பார் என்று கேட்டால் இவரைக் காட்டலாம். கடவுள் அறிவார் என்று சும்மா இருந்துவிடவில்லை. தொலைபேசியில் காதோடு காதாக வந்ததை, நாடே படிக்கும் தாளில் வைத்தார்.

ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்ட கதையிலும் இப்படி ஒருவர் உண்டு. 1965-இல் ஊராட்சிகளை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். ஊராட்சி மன்றங்களில் முறைகேடு என்ற குற்றச்சாட்டுதான் அந்த ஆணையம் பிறந்த காரணம். எல்லாவற்றையும் பார்த்த பிறகு, 1968 டிசம்பரில் அவர் கொடுத்த அறிக்கை, தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. குறை இருக்கிறது என்பதற்காக மக்களின் கண்ணை மூடிவிட அவர் சம்மதிக்கவில்லை. அறிக்கை 1971-இல் வெளிவந்தது; அரசு அதை ஏற்கவில்லை. பினாங்கு மாநில அரசு 2012-இல் தானே ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. அப்படிச் செய்ய மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. இன்றும் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் உறுப்பினர்கள் நியமனம் செய்யப்பட்டவர்களே.

புத்ராஜெயா மனம் மாறும்வரை ஜார்ஜ்டவுன் தமிழர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கோயில் நிர்வாகக் குழு, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், சங்கங்கள், வணிகர் அமைப்புகள் என்று எத்தனையோ இடங்களில் பொதுக்கூட்டம் நடக்கிறது, வாக்கு எடுக்கப்படுகிறது. அங்கேயும் 'நம்ம ஆளுதானே எண்ணுறாரு, நம்ப மாட்டீங்களா' என்ற குரல் எழுகிறது. கேட்டவர் குற்றவாளி போலத் தலைகுனிகிறார். சாமி சன்னதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவதால் சாட்சி வேண்டாம் என்று எவரும் சொல்லக்கூடாது. சன்னதிக்குப் பக்கத்தில் என்பதாலேயே இன்னும் கவனமாக எண்ண வேண்டும். போட்டியிடாத ஒருவர் சீட்டைத் தூக்கிக் காட்டட்டும். இரு தரப்பிலும் ஒவ்வொருவர் அதை வாங்கி உரக்கப் படிக்கட்டும். பலகையில் கோடு போடுவது எல்லோருக்கும் தெரியட்டும். செல்லாத சீட்டுகள் எத்தனை, ஏன் செல்லாது என்பதையும் சேர்த்து எழுதி, தோற்றவரிடமும் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளைப் பூசை நேரம் எழுதிய அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டலாம். இதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே தொடங்கலாம்.